எல்லா வாரமும் ஏ ஷிப்ட்

ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் தினேஷ் போன் செய்தான். டைம் ஆபீசில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன் அவன்தான்.

"சார், புது சாஃப்ட்வேர் போட்டாச்சு. ஷிப்ட் சார்ட்ட இனிமே அதுவே போட்டுடும். ஒரே ஒரு லைன் மட்டும் செவப்பா காட்டிகினே கீது சார். சுடலைமுத்துன்னு ஒருத்தர். ஆறு வருஷமா எல்லா வாரமும் ஏ ஷிப்ட். ரொட்டேஷன் தப்புன்னு வருது. சரி பண்ணிடவா?"

"கை வைக்காதே" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் சேரப்பணஞ்சேரிக்காரன். அம்பத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் பஞ்சிங் கார்டு பார்த்துக்கொண்டு, பதினெட்டு வருடம் பஸ் மாறி மாறிப் போய் வந்தவன். 2006-ல் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று ஆள் எடுத்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை என்று டைம் ஆபீசில் சேர்ந்துவிட்டேன். வருகைப் பதிவு, ஷிப்ட் சார்ட், ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்கள், மூன்றும் என் பொறுப்பு.

ஷிப்ட் சார்ட் போடுவதைச் சாதாரண வேலை என்று நினைப்பவர்கள் ஒரு மாதம் போட்டுப் பார்க்கட்டும். ஏ ஷிப்ட் காலை ஆறிலிருந்து இரண்டு வரை. பி இரண்டிலிருந்து பத்து. சி பத்திலிருந்து மறுநாள் காலை ஆறு. ஒரு மெஷினுக்கு மூன்று பேர் கொண்ட ஒரு செட். அந்த மூவரும் வாரத்துக்கு வாரம் ஏ, பி, சி என்று சுற்றி வர வேண்டும். சனிக்கிழமை மதியம் பெரிய தாளில் கோடு போட்டு எழுதி, கேன்டீன் வாசல் போர்டில் குத்துவேன். ஐந்து நிமிடத்தில் கூட்டம் கூடிவிடும். மச்சினிச்சி கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் கோயில் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டு என் ஜன்னலுக்கு வருவார்கள்.

அவர்களுக்காக 'மியூச்சுவல்' என்று ஒரு படிவம் இருந்தது. இரண்டு பேர் ஒத்துக்கொண்டு ஷிப்டை மாற்றிக்கொள்ளலாம். கேட்பவர் ஒரு கையெழுத்து, ஒத்துக்கொள்பவர் ஒரு கையெழுத்து, சூப்பர்வைசர் ஒரு கையெழுத்து. நடுவில் 'காரணம்' என்று ஒரு கட்டம். ஒருவர் மாதத்துக்கு இரண்டு முறைக்கு மேல் கேட்கக் கூடாது.

படிவங்கள் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் பெர்சனல் மேனேஜர் பத்மாவதி மேடத்தின் மேசை. எந்தத் தாளாக இருந்தாலும் நின்றுகொண்டுதான் படிப்பார். "உக்காந்தா கை தானா கையெழுத்துப் போட்டுடும் ஏகாம்பரம்" என்பார். மற்றதை மனதுக்குள் படித்துவிட்டு, காரணக் கட்டத்தை மட்டும் வாய்விட்டுப் படிப்பார். நிராகரிக்கும் தாளை டிரேயில் போட மாட்டார். எழுதிய ஆளை லைனிலிருந்து வரவழைத்து, முகத்தைப் பார்த்துக் கையிலேயே திருப்பிக் கொடுப்பார். இதற்காக நான் நாளைக்கு நாலு தடவை ஆள் அனுப்ப வேண்டும். இது என்ன வெட்டி வேலை என்று எனக்குள் எரிச்சலாக இருக்கும்.

சேர்ந்து மூன்று வருடம் ஆனபோது, பழைய சார்ட்டுகளை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அதில் மியூச்சுவல் மாற்றங்களைச் சிவப்புப் பென்சிலால் குறித்திருப்பேன். ஒரு வரிசையில் மட்டும் சிவப்புக்குப் பஞ்சமே இல்லை. எழுதியது ஏ, பி, சி. மாற்றியது எல்லாம் ஏ. வருடம் முழுக்க அந்த ஆள் பி, சி பக்கமே போகவில்லை. சுடலைமுத்து, சங்கரன்கோவில் பக்கத்து ஆள், பென்னலூரில் வாடகை வீடு.

எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. மாதம் இரண்டு முறைதானே? இந்த ஆள் எப்படித் தப்பினார்? படிவங்களைப் பிரித்துப் பார்த்தேன். கேட்டவர் எல்லாம் வேறு வேறு ஆட்கள். இவர் ஒத்துக்கொள்பவர் இடத்தில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நாங்கள் எண்ணியது கேட்பவரை மட்டும்தானே. பதிலுக்கு அந்த ஆட்களின் பொங்கல் டியூட்டி, தீபாவளி டியூட்டி எல்லாவற்றையும் இவர் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். காரணக் கட்டத்தில் எல்லாவற்றிலும் ஒரே வார்த்தை: சொந்த வேலை.

மதியத்துக்கு மேல் எங்கோ கடை நடத்துகிறான், சந்தேகமே இல்லை என்று முடிவு கட்டினேன். என் விதியில் ஓட்டை கண்டுபிடித்துவிட்டானே என்ற ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. ஆளைக் கூப்பிட்டேன். ஒல்லியான உடம்பு, முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"இன்னாபா சொந்த வேலை, வருஷம் முய்க்க?"

"சொந்த வேலைதான் சார்."

"அதான் இன்னா வேலைன்னு கேக்கறேன்."

தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியாக, "சார், ஏ ஷிப்ட் மட்டும் விட்டுருங்க சார். வேற என்ன சொன்னாலும் செய்யுதேன்" என்றார்.

வாயைத் திறக்காதவனுக்கு நான் ஏன் இறங்கி வர வேண்டும்? அந்த வாரம் அவருடைய மியூச்சுவலை ரத்து செய்தேன். திங்கட்கிழமையிலிருந்து பி ஷிப்ட். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் கூடப் பெருமையாகச் சொன்னேன்.

திங்கட்கிழமை மூன்று மணி தாண்டியிருக்கும். ஏ ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிப் போன பென்னலூர் பஸ்ஸிலிருந்து டிரைவர் நாகப்பன் போன் செய்தார். பின்னால் யாரோ கத்துகிற சத்தம் கேட்டது.

"சார், ஒரு கொயந்த பஸ்ல ஏறிக்கினு எறங்க மாட்டேங்குது சார். ஆறு வயசு பொண்ணு. மூணாவது சீட்ல குந்திக்கினு கைய கடிச்சிக்குது. அம்மாக்காரி கெஞ்சுது, ஒண்ணும் ஆவல. இன்னும் நாலு ஸ்டாப்பு கீது சார்."

"தூக்கி எறக்கிவுட்டு வண்டிய எடுபா" என்றேன்.

யோசிக்கக் கூட இல்லை. பஸ் தாமதமானால் அடுத்த டிரிப் கெடும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்று நிமிடத்தில் மறுபடி போன். நாகப்பன்தான். தூக்கி இறக்கியிருக்கிறார்கள். பஸ் நகர்ந்ததும் அந்தப் பெண் அம்மா கையை உதறிக்கொண்டு பின்னாலேயே ஓடியிருக்கிறாள். பெங்களூர் ரோட்டில். கன்டெய்னர் லாரி ஒன்று பிரேக் அடித்து, ரோட்டில் குறுக்காக நின்றிருக்கிறது. குழந்தை விழுந்து முட்டியில் அடி. நாலு அடி தள்ளிச் சக்கரம்.

"யார் வூட்டுக் கொயந்தபா?"

"நம்ம சுடலைமுத்து பொண்ணாம் சார்."

லைனுக்கு நானே ஓடினேன். மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்த சுடலைமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

"ரோட்டுக்கு வந்துட்டாளா சார்?" என்றார்.

அந்தக் கேள்வி என்னைக் கொன்றுவிட்டது. இப்படி நடக்கும் என்று தெரிந்தே அந்த மனிதர் மத்தியானம் வேலைக்கு வந்து நின்றிருக்கிறார்.

என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பென்னலூர் போனேன். ஒற்றை அறையும் ஒரு சமையல் மூலையும் உள்ள வீடு. கதவில் தாழ்ப்பாள் என் தலைக்கு மேலே இருந்தது. குழந்தை மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். முட்டியில் ரத்தம் காய்ந்திருந்தது. மருந்து போடத் தொடவிடவில்லை. அவர் மனைவி பேச்சியம்மாளின் முன்கை முழுக்கப் பல் தடம். சிலது பழையது.

சுடலைமுத்து உள்ளே போய், மகளுக்குக் கொஞ்சம் தள்ளி, அவளைத் தொடாமல் தரையில் உட்கார்ந்தார். பேசவில்லை. அரை மணி நேரம் அப்படியே இருந்தார்.

பேச்சியம்மாள்தான் எனக்குச் சொன்னார். பெயர் கௌசல்யா. மூன்று வயது வரை பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. காது கேட்கவில்லை என்று நினைத்திருக்கிறார்கள். பூசாரியிடம் கயிறு கட்டியிருக்கிறார்கள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்று சொல்லியிருக்கிறார்கள். குக்கர் விசில் சத்தம் அவளுக்கு ஆகாது, அதனால் வடிசோறுதான். இட்லி, தயிர்சோறு இரண்டைத் தவிர எதையும் தொட மாட்டாள், அதில் ஒரு கடுகு விழுந்தாலும் தட்டு பறக்கும். பால்வாடியில் இரண்டு நாள் வைத்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டார்கள். கத்துகிறாள் என்று மூன்று வீடு மாறியாகிவிட்டது.

"ஒரு கல்யாண வீட்டுக்குப் போயி மூணு வருசமாச்சு சார். போனா எல்லாரும் எம்பிள்ளையப் பாக்க மாட்டாவ, என்னையத்தான் பாப்பாவ. வளக்கத் தெரியலன்னு."

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். பழைய காலண்டரிலும் பேப்பரிலும் வெட்டிய படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. பல் தேய்க்கும் பிரஷ், குளிக்கும் வாளி, இட்லி, ஒரு பஸ், சோற்று டிபன், பாய். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தார்களாம். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால்தான் அவளால் இருக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் படத்தின் மேல் பேச்சியம்மாள் வெள்ளைத்தாளை ஒட்டிவிடுவாராம்.

நானும் வாரா வாரம் ஒரு சார்ட் ஒட்டுகிறவன்தான். என் சார்ட்டை நான் இஷ்டத்துக்கு மாற்றினால், இந்தச் சுவரில் என்ன ஆகும் என்று எனக்கு யார் சொல்வார்கள்? சொல்லியிருக்க வேண்டியவர் ஏன் சொல்லவில்லை?

வாசலுக்கு வந்தபோது அதைத்தான் சுடலைமுத்துவிடம் கேட்டேன்.

"ஊர்க்காரப் பயலுவ இங்க வேல பாக்கானுவ சார். என் செட்டுல மாரியப்பனே எங்க தெருதான். ஊருல தங்கச்சிக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்கோம். அண்ணன் பிள்ளைக்கு இப்படின்னு தெரிஞ்சா எவன் வருவான்? எங்கம்மைக்கே தெரியாது சார். பிள்ளைக்குப் பேச்சு கொஞ்சம் தாமதம்னுதான் சொல்லி வச்சிருக்கேன்."

பிறகு அவரே சொன்னார். "போன வருசத்துக்கு முந்தின வருசம் லைன்ல ஆள் கொறைஞ்சு, ஒரு மாசம் சேர்ந்தாப்புல எனக்கு ஏ ஷிப்ட் வந்துச்சு. தெனமும் மூணு மணிக்கு பஸ்ஸுல எறங்குவேன். இவ அம்மைகூட நிப்பா. அந்த மாசக் கடைசியில ஒருநாள் எங்கிட்ட இருந்து சாப்பாட்டுப் பைய வாங்கி தோள்ல மாட்டிக்கிட்டு, என் சுண்டுவெரலப் புடிச்சா சார். நாலு வருசத்துல மொதவாட்டி அவளா என்னையத் தொட்டது அன்னைக்குத்தான். அத விட்டுர எனக்கு மனசு வரல."

பேச்சியம்மாளிடம், "தூக்கி எறக்கச் சொன்னது நான்தாம்மா" என்று ஒப்புக்கொண்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு வெட்கப்பட்டு ஒருவர் முன்னால் நின்றதில்லை.

"எல்லாரும் அதத்தான் சார் சொல்லுவாவ" என்றார். கோபம் கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாளிலிருந்து சுடலைமுத்துவுக்குத் தற்காலிகமாக ஏ ஷிப்டே போட்டுக் கொடுத்துவிட்டு, மேடத்திடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே கேட்டார். கேட்டுவிட்டு விதியைச் சொன்னார். நிரந்தர ஏ ஷிப்ட் என்றால் எழுத்தில் காரணம் வேண்டும், டாக்டர் சான்று வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், செட்டில் மற்ற இரண்டு பேர். ஒருவர் ஏ ஷிப்டிலேயே இருந்துவிட்டால் அவர்களுக்கு ஆயுசுக்கும் பி, சி இரண்டும்தான் மாறி மாறி வரும். காலை ஷிப்ட் கண்ணிலேயே படாது. காரணத்தைத் தெரிந்துகொண்டு அவர்கள் இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஜெனரல் ஷிப்ட் குடுத்துடலாமா?" என்று கேட்டார்.

"அஞ்சரைக்கு வுட்டு, பஸ் போய்ச் சேர ஆறரை ஆயிடும் மேடம். அந்தப் பொண்ணுக்கு மூணு மணி."

சூப்பர்வைசர் ஒருவர், "சி ஷிப்ட் குடுங்க, பகல்பூரா வூட்லதானே இருப்பாரு" என்றார். அப்பா வீட்டில் இருப்பது பிரச்சினை இல்லை, பஸ்ஸிலிருந்து இறங்க வேண்டும் என்று நான் விளக்கினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒரு வாரத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

சுடலைமுத்து எழுத மறுத்துவிட்டார். மாரியப்பனுக்குத் தெரிவதைவிட வேலையை விட்டுவிடுகிறேன் என்றார். வேலையை விட்டுவிட்டு அந்தக் குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே போவது? நானே ஒரு குறுக்கு வழி பார்த்தேன். 'மனைவிக்கு உடல்நலம் சரியில்லை' என்று தாளில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, மேடத்திடம் நீட்டினேன்.

மேடம் வாய்விட்டுப் படித்தார். பிறகு வழக்கம்போல எழுதிய ஆளை வரச்சொல்லவில்லை. என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். எழுதிய ஆள் நான்தான் என்று தெரிந்துவிட்டது.

"மனைவிக்கு சரியாயிடுச்சான்னு மூணு மாசத்துல கேப்பாங்க ஏகாம்பரம். எனக்குப் பதிலா வேற ஒருத்தர் இந்த சீட்டுக்கு வந்தா ஒரு மாசத்துல கேப்பாங்க. அப்ப இன்னொரு பொய் எழுதணும். இந்தப் பொண்ணுக்கு இது மூணு மாச விஷயமா? உண்மையை எழுதினாத்தான் யார் வந்தாலும் நிக்கும்."

எனக்கு அவர் மேல் அடக்க முடியாத கோபம் வந்தது. குழந்தை லாரிக்கு முன்னால் விழுந்து கிடக்கிறது, இந்த அம்மாள் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று. இரண்டு நாள் அவருக்கு வணக்கம் கூடச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் சொன்னதை அப்படியே போய் சுடலைமுத்துவிடம் சொன்னேன். அதைக் கேட்டுப் பேச்சியம்மாள்தான் முடிவெடுத்தார்.

"எழுதிக் குடுங்க. எத்தன நாளைக்குத்தான் பிள்ளைய ஒளிச்சு வைக்க? அவ என்ன திருடிட்டா வந்தா?"

பத்து நாள் கழித்து டைம் ஆபீசில் அந்த மூன்று பேரும் நின்றார்கள். சுடலைமுத்து, மாரியப்பன், செட்டில் மூன்றாவதான பாபு. பாபு ஸ்ரீபெரும்புதூர் ஆள். மேடமும் வந்திருந்தார். சுடலைமுத்து தன் கையெழுத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்ததைப் படித்தார். 'என் மகள் கௌசல்யாவுக்கு ஆட்டிசம். நான் வருகிற நேரம் மாறினால் அவளால் தாங்க முடியாது. என்னைத் தேடி ரோட்டுக்கு ஓடுகிறாள்.' படித்துவிட்டுத் தாளை மேசை மேல் வைத்தார்.

பாபு முதலில் பேனாவை எடுத்தான். "நான் எந்தக் காலத்துல காத்தால எய்ந்துக்கினேன்? எனக்கு இன்னாத்துக்கு ஏ ஷிப்ட்டு?"

மாரியப்பன் அசையவில்லை. "ஏம்ல, மூணு வருசமா ஒரே டப்பாவுல சோறு திங்கோம். எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியால? நான் ஊருல போயி தண்டோரா போடுவேன்னுதான நெனச்ச?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டான்.

ஜன்னல் வழியே பார்த்தேன். குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றான். திரும்பி வந்து, தாள் கிழிந்துவிடும் போல அழுத்திக் கையெழுத்துப் போட்டான்.

மேடம் கடிதத்தை வாங்கி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து ஒரு தாளைப் படித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். கையெழுத்துப் போட்டார்.

அந்த ஆவணியில் சுடலைமுத்துவின் தங்கைக்குப் பேசி வைத்திருந்த இடம் தட்டிப் போனது. விஷயம் எப்படிப் போனது என்று தெரியவில்லை. மாரியப்பன் சொல்லவில்லை என்று சுடலைமுத்து அடித்துச் சொல்வார். தை மாதம் வேறு இடத்திலிருந்து கேட்டு வந்தவர்களிடம், மகளைப் பற்றி இவரே முதலில் சொல்லியிருக்கிறார். அந்தக் கல்யாணம் நடந்தது. இப்போது இதை எழுதலாமா என்று கேட்டபோதும், "பேரப் போட்டே எழுதுங்க சார்" என்றார்.

நானும் என் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். சனிக்கிழமை குத்திய சார்ட்டை வியாழக்கிழமையே குத்தினேன். இன்னும் எத்தனை வீட்டில் என்னென்ன சுவர் இருக்கிறதோ, யார் கண்டது. பஸ் கான்ட்ராக்ட் மாறி, வெள்ளை பஸ்ஸுக்குப் பதில் மஞ்சள் பஸ் வந்தபோது (டிரைவர் அதே நாகப்பன்தான்), முன்கூட்டியே அதைப் படம் எடுத்து, பிரிண்ட் போட்டுப் பேச்சியம்மாளிடம் கொடுத்தேன். அப்படியும் முதல் இரண்டு நாள் கௌசல்யா சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பையை வாங்கிக்கொண்டாளாம்.

எங்கள் கம்பெனியில் ஓய்வு பெறுகிறவரை மாலையோடு கார் வைத்து வீட்டில் கொண்டுபோய் விடுவது வழக்கம். எனக்குக் கார் வேண்டாம், பென்னலூர் பஸ்ஸில் போகிறேன் என்றேன். ஆறு வருடமாகப் பேச்சில் கேட்டதைக் கடைசி நாளிலாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமும் இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் மாலையோடு சுடலைமுத்து பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.

மூன்று மணிக்கு பஸ் நின்றது. பன்னிரண்டு வயதுப் பெண், அம்மா தோள் உயரத்துக்கு வளர்ந்து நின்றாள். சுடலைமுத்து இறங்கினார். பின்னாலேயே நான் இறங்கினேன். அவள் நீட்டிய கை பாதியில் நின்றது. என்னைப் பார்க்கவில்லை, மாலையைத்தான் பார்த்தாள். கையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

சுடலைமுத்து என் பக்கம் திரும்பினார்.

"ஏறு, ஏறு" என்றேன். இரண்டு பேரும் மறுபடி பஸ்ஸில் ஏறினோம். நாகப்பன் கதவைச் சாத்தினார், திறந்தார். சுடலைமுத்து மட்டும் இறங்கினார். கௌசல்யா பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பஸ் ஜன்னல் வழியாக அவர்கள் தெருவில் திரும்பும்வரை பார்த்தேன். கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது.

மாலையைக் கழற்றி நாகப்பனிடம் கொடுத்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் நடந்தே பேச்சியம்மாள் வீட்டுக்கு வந்து ஒரு டீ குடித்தேன். அதற்குள் கௌசல்யா தயிர்சோற்றை முடித்திருந்தாள்.

தினேஷ், சுடலைமுத்துவின் கடிதமும் டாக்டர் சான்றும் மூன்று பேர் கையெழுத்தும் பச்சை ஃபைலில் இருக்கின்றன. அந்தச் சிவப்பு லைன் பாட்டுக்கு இருக்கட்டும். என்றைக்காவது மாற்றியே தீர வேண்டும் என்று வந்தால், நாலு நாள் முன்னதாகப் பேச்சியம்மாளுக்குச் சொல்லிவிடு. அவர் சுவரில் படத்தை மாற்ற வேண்டும்.